சந்தனப் பொட்டு வைத்த முட்டைகள்

எங்கள் வீட்டில் முட்டை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூட மாட்டோம். கடைவாசலில் அட்டை அட்டையாக அடுக்கியிருந்தால் அம்மா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டுதான் தாண்டுவாள். அப்படிப்பட்ட சைவ வீட்டின் மச்சில், ஒரு பழைய சாதிக்காய்ப் பெட்டிக்குள், குண்டு பல்பு வெளிச்சத்தில், ஒரு டஜன் கோழிமுட்டைகள் ஆளுக்கொரு சந்தனப் பொட்டோடு படுத்திருந்தன. துணி காயப்போடப் போன எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஈரத்துணி வாளியைப் போட்டுவிட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வைத்தது அப்பா. நெற்றி நிறையத் திருநீறு பூசாமல் காபியைத் தொடாத என் அப்பா! கரண்டு ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதன்பிறகு வீட்டில் இருந்த மிக்சியையும் ரேடியோவையும் கழற்றிப் போட்டுப் பார்த்துவிட்டார். பல்புச் சூட்டில் முட்டை பொரிக்கும் என்று எந்தப் பத்திரிகையிலோ படித்திருக்கிறார். தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்க மேலப்பாளையம் வரைக்கும் பஸ்ஸில் போய், கடையில் முட்டை வாங்கி, மேலே வாழையிலையைப் போட்டு மூடிக்கொண்டு வந்திருக்கிறார்.

“என்னப்பா அநியாயம் இது?” என்றேன்.

“கொல்லுததுதாம்ட்டி பாவம். பொரிக்க வைக்கது புண்ணியம்லா?” என்றார். அதில் ஒரு சிரிப்பு வேறு.

“பொட்டு எதுக்கு?”

“திருப்பி வைக்கதுக்கு அடையாளம். காலைல பொட்டு மேல, சாயங்காலம் பொட்டு கீழ.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்குப் பயம் முட்டையைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி. எனக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. வந்த இரண்டு வரன்களும் காபி குடித்துவிட்டுப் போனதோடு சரி. மூன்றாவதாக ஸ்ரீவைகுண்டம் பக்கமிருந்து ஒரு வீட்டார் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வெங்காயம் சேர்க்கவே நாள் பார்க்கிற குடும்பம். மாப்பிள்ளை பேங்கில் வேலை. போட்டோ எனக்குப் பிடித்திருந்தது. இதுவும் போனால் அடுத்து யார் வரப்போகிறார்கள் என்று நானே மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்த நேரம்.

“அவிய வந்துட்டுப் போறவரைக்குமாவது அத வேற எங்கயாவது ஒளிச்சு வையுங்களேன்” என்று அம்மா கெஞ்சினாள்.

“மூணு வாரம் தாண்டிட்டுடி. கரண்டு போய்ப்போய் வந்துச்சுல்லா, அதான் சுணங்குது. இன்னைக்கோ நாளைக்கோ பொரிச்சிரும்” என்றார் அப்பா. அசையவில்லை.

அவர்கள் வந்தது பங்குனி வெயிலில். பட்டுச்சேலையும் வைரத்தோடுமாக மாப்பிள்ளையின் அம்மா பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் வீட்டுக்காரர், விரைப்பாக, அப்பாவைவிடப் பெரிய திருநீற்றுப் பட்டையோடு. நான் கேசரித் தட்டை நீட்டினேன். மாடியில் ‘டொப்’ என்று ஒரு சத்தம். மறுபடியும் ‘டொப்’. மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்தார்.

“எலி” என்றாள் அம்மா.

அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “பொரிச்சிட்டு!” என்று கத்திக்கொண்டே மாடிக்கு ஓடினார். பாவி மனுஷா! எனக்கு உயிரே போய்விட்டது.

அவர் மச்சுக் கதவைத் திறந்ததும் நாற்றம் படியிறங்கி வந்தது. அப்படியொரு நாற்றத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அறிந்ததில்லை. மாப்பிள்ளையின் அம்மா எழுந்தாள். “என்னன்னு பாப்போம்” என்று விறுவிறுவென்று மேலே போனாள். எல்லாரும் பின்னால் போனோம்.

சுவரெல்லாம் பச்சையும் மஞ்சளுமாய் வழிந்துகொண்டிருந்தது. பெட்டிப் பக்கம் குனிந்தபோது வெடித்த இன்னொரு முட்டை அப்பாவின் நெற்றியில் திருநீற்றின் மேலேயே வழிந்தது. வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா முகம் கறுத்துவிட்டது. “சைவக் குடும்பம்னுதானவே சொன்னீரு?” என்றார். அவ்வளவுதான், முடிந்தது கதை என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா குனிந்து, பெட்டிக்குள் உடையாமல் கிடந்த ஒரு முட்டையை இரண்டு விரலால் பைய எடுத்தாள். பல்புக்கு நேரே பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். காதோரம் வைத்துக் குலுக்கினாள்.

“அண்ணாச்சி, இது பண்ணை முட்டைல்லா. சேவல் சேராத முட்டை. இதுல குஞ்சு எங்கன இருக்கும்? அழுகி வெடிக்கத்தான் செய்யும். நாட்டுக்கோழி முட்டைல்லா வாங்கணும்.”

நாங்கள் மூவரும் வாயைப் பிளந்தோம். அவள் வீட்டுக்காரர் எங்களைவிட அதிகமாகப் பிளந்தார்.

“ஒனக்கு எப்பிடித் தெரியும்?” என்று அவளைக் கேட்டார்.

அவள் முட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “இவன் ரெண்டு வயசுல எலும்பும் தோலுமா கெடந்தாம்லா. டாக்டர் முட்டை குடுக்கச் சொன்னாரு. ஒங்ககிட்ட சொன்னா வீட்டை விட்டு வெரட்டியிருப்பிய. அஞ்சு வயசு வரைக்கும் பின்வீட்டுல எனக்குன்னு ரெண்டு கோழி நின்னுச்சு. அங்கன வச்சே அவிச்சு ஊட்டுவேன். அடை வைக்கதும் பொரிக்கதும் அங்கன பாத்ததுதான்.”

மாப்பிள்ளை தன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் அது புதுச் செய்தி. அவர் அப்பா சுவரைப் பிடிக்கப் போய், சுவரின் நிலையைப் பார்த்து, கையை இழுத்துக்கொண்டார்.

“பிள்ளையா நியமமான்னு வந்துச்சு. நான் பிள்ளைய எடுத்துக்கிட்டேன்” என்றாள் அவள். பிறகு பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “ஏட்டி, அழுதுக்கிட்டு நிக்காத. ரெண்டு வாளித் தண்ணியும் வெளக்குமாறும் எடுத்துட்டு வா. காஞ்சா போகாது.”

அவளும் நானும்தான் கழுவினோம். ஆண்கள் கீழே போய் உட்கார்ந்துகொண்டார்கள். கிளம்பும்போது அவள் என் கன்னத்தை ஈரக்கையால் தொட்டு, “எங்களுக்குச் சம்மதம்” என்றாள். அவள் வீட்டுக்காரர் தலையை மட்டும் ஆட்டினார்.

அவர்கள் போனதும் அம்மா பதறிக்கொண்டு கேட்டாள். “மாப்பிள்ளையப் புடிச்சிருக்காட்டி?”

“மாப்பிள்ளைய எங்கம்மா பாத்தேன்?” என்றேன். “அந்த அத்தை வீட்டுக்குன்னா நாளைக்கே போறேன்.”