பாறைக்கு இப்பால் நட்ட கல்

எங்கள் ஊருக்கு மேற்கே நாலு தோட்டம், அதற்கப்பால் ஒரு ஓடை. ஓடையைத் தாண்டினால் கொச்சி ராஜாவின் சீமை. அந்தப் பக்கம் மழை கொட்டும்போது எங்களுக்குக் காற்று மட்டும் வரும். ஆடியில் கணவாய்க் காற்று அடித்தால் சோற்றில் மண் விழாமல் சாப்பிட முடியாது. பருத்தியும் நிலக்கடலையும் இங்கிருந்து போகும், நேந்திரங்காயும் பாக்கும் அங்கிருந்து வரும். சந்தை நாளில் வண்டிமாடுகளை இரண்டு பாஷையிலும் திட்டுவார்கள். மாடுகளுக்கு இரண்டுமே புரியும்.

இத்தனை சின்ன ஊருக்கும் ஒரு முனிசிபாலிட்டி இருந்தது. ஒரு ஓட்டுக் கட்டடம், சில தெருவிளக்குகள், அளக்க ஒரு ஓவர்சியர். என் அப்பா அங்கே கூலியாள். குழி வெட்டுவார், கல் சுமப்பார், ஓவர்சியர் அளக்கும்போது சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பார்.

எனக்குப் பத்து வயதானபோது முனிசிபாலிட்டிக்குப் புதிதாக எல்லைக்கல் நட்டார்கள். மேற்கே இருந்த பழைய கல் உடைந்து காணாமலே போயிருந்தது. ஓவர்சியர் அளந்து சுண்ணாம்பில் குறி போட்டுவிட்டு, காய்ச்சல் என்று வீட்டுக்குப் போய்விட்டார். மதியம் நான் கம்மஞ்சோறு கொண்டுபோனேன். அப்பா தனியாக, கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை கிழிந்து ரத்தம்.

“அடியிலெல்லாம் பாறை, அம்மணி. கடப்பாரை எறங்கவே மாட்டீங்குது.”

“அப்பறம் என்னங்கய்யா பண்ணுவீங்க?”

“இருவது எட்டு எடுத்து வெச்சா இப்பால மண்ணு பூவாட்டம் இருக்குது. அங்க நட்டுப்போட்டா எந்த ராசா வந்து கேக்கப்போறான்? நீ வாயத் தொறந்துபோடாத.”

குழி தோண்டினார். கல்லை உருட்டி இறக்கினோம். நான் மண்ணைத் தள்ளினேன், அவர் மிதித்தார். எனக்கு அது ஒரு விளையாட்டாக இருந்தது.

அந்த வருஷம் மாரியம்மன் நோம்பிக்குப் பூசாரி அந்தக் கல்லுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் பொட்டு வைத்தார். ஊர்வலம் அதுவரை போய்த் திரும்பியது. பழைய கல் இல்லாததால் ஊருக்கும் அதுவே எல்லை ஆகிவிட்டது. எல்லோரும் கும்பிட்டார்கள். அப்பாவும் கும்பிட்டார். கும்பிட்டபடியே ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஆறு வருஷம் நான் யாரிடமும் சொல்லவில்லை.

போன பங்குனியில் அப்பா ஓடைக்கு அந்தப் பக்கம் சந்தைக்குப் போனார். காலையிலேயே போய், வெயில் ஏறுமுன் திரும்பிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் எங்கள் வாசலுக்கு ஓடிவந்து, அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார் என்றார். அம்மாவும் நானும் ஓடினோம். பாறைக்கும் கல்லுக்கும் நடுவே, ஒரு வேப்பமரத்தடியில் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் மேல்துண்டு, அதில் முடிந்த ஒரு சீப்பு நேந்திரம்பழம்.

எல்லைக்கு வெளியே உயிர் போன உடம்பை எங்கள் ஊருக்குள் எடுத்துவர மாட்டார்கள். சுற்றுப்பாதையில் நேரே சுடுகாட்டுக்குத்தான். அவர் இறந்துபோனதை அம்மா எப்படியோ தாங்கிக்கொண்டாள். சொந்த வாசலுக்கு அவர் வரமாட்டார் என்றதும் மண்ணில் விழுந்து புரண்டாள்.

ஊர்க்கவுண்டர் ஊர்க்காரர்கள் சிலரோடு வந்து வண்டிக்காரரைக் கேட்டார். “கல்லுக்கு இப்பால தூக்கியாரற அளவுக்கு ஒரு மூச்சாவது இருந்துச்சுங்களா?”

“இல்லீங்க. தண்ணி குடுத்தேன், உள்ள எறங்கல. எனக்கும் புள்ளைக இருக்குது, பொய் சொல்ல மாட்டேனுங்க.”

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

“ஏனுங்க, அந்தக் கல்லு நிக்கற எடமே தப்புங்க. எங்கய்யன் பாறைக்குப் பயந்து இப்பால நட்டுப்போட்டாருங்க. நானும் கூட இருந்தனுங்க. எல்லை இன்னும் இருவது எட்டு அப்பால இருக்குது. எங்கய்யன் ஊருக்குள்ளதான் செத்திருக்கறாருங்க.”

அவர்களைப் பாறைக்குக் கூட்டிப்போய்க் கடப்பாரை இடித்த குழிகளைக் காட்டினேன். அந்தத் தோட்டத்துக்காரர், “அப்ப ஆறு வருசமா என் தோட்டத்து வேப்பமரம் ஊருக்குள்ளதான் நிக்குதுங்களா? தெரிஞ்சிருந்தா அதுக்கும் ஒரு தெருவெளக்குக் கேட்டிருப்பனே!” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், “சோம்பேறிக்குப் பாறையும் ஒரு சாக்கு” என்றார்.

உயிரோடு இருந்தவரை அப்பாவை யாரும் அப்படிச் சொன்னதில்லை. செத்த அன்றைக்கு, என் வாயால், அந்தப் பேரும் வந்தது.

ஊர்க்கவுண்டர் குனிந்து பாறையைத் தடவிப் பார்த்தார்.

“நீ சொல்றது நெசந்தான் கண்ணு. ஆனா உங்கய்யன் நட்ட எடத்துலதான் ஆத்தாளுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தியிருக்குது. ஆறு நோம்பிக்கு அங்கதான் திரும்பியிருக்கறோம். கடுதாசியில எங்க வேணா இருக்கட்டும். கல்லு நிக்கற எடந்தான் எல்லை.”

பிறகு அவரே ஆள் அனுப்பி எங்கள் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். எங்கள் குடத்திலேயே வந்தது. வேப்பமரத்தடியில் அப்பாவைக் குளிப்பாட்டினார்கள். சிரித்தவர்களும் வந்து தண்ணீர் ஊற்றினார்கள். அங்கிருந்தே எடுத்துப் போனார்கள்.

செய்தி ஓவர்சியர் காதுக்குப் போயிற்று. ஒரு மாதம் கழித்து, கல்லைச் சரியான இடத்தில் மாற்றி நட அவர் இரண்டு ஆட்களோடு வந்தார். முதலில் பாறையில் குழி போட்டுவிட்டு, அப்புறம் பூசாரியைக் கூப்பிட்டுக் கல்லைப் பிடுங்குவதாகப் பேச்சு. நான் போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். உச்சிவெயில் வரை இடித்தார்கள். கடப்பாரை முனை மழுங்கிப்போயிற்று. ஓவர்சியரே வாங்கி நாலு இடி இடித்துவிட்டுக் கையை உதறினார்.

“இதுல எந்த மனுசன் குழி வெட்டுவான்?”

“எங்கய்யன் அரை நாள் வெட்டினாருங்க,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வேர்வையைத் துடைத்தபடி ஆட்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். கல்லைத் தொடாமலே மூவரும் போய்விட்டார்கள். நான் பாறைமேல் உட்கார்ந்து, எது அப்பா இடித்த குழி என்று தேடினேன். பழையவை மங்கி, விளிம்பு மழுங்கி இருந்தன. ஏழு இருந்தன.

வீட்டில் அம்மா கேட்டாள். “கல்லு?”

“அங்கயேதானுங்கம்மா.”

“உங்கய்யன் சோம்பேறி இல்லீன்னு அவங்க வாயால சொன்னாங்களா?”

“சொல்லலீங்க. வேர்த்துப்போயி உக்காந்துட்டாங்க.”

“அது போதும்,” என்று அவள் உலை வைக்கப் போனாள்.

எனக்குப் போதவில்லை. இன்றைக்கும் வாசல் தெளிக்கும்போது, அவர் கடைசியாக வந்து சேராத இடத்தில் தெளிப்பது போலத்தான் இருக்கிறது.