பங்கருக்குள் பாடின பாட்டு

முப்பது வருசம் இசை நாடகத்தில் பாடி நடிச்சனான். எழுத்து வாசிப்பு பெரிசாக இல்லை; பாட்டெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் பாடம். செத்த பிள்ளையை மடியில் கிடத்தி அரசி புலம்புற பாட்டை நான் எடுத்தால் எங்கட துணுக்காய் ஊர்ச் சனம் முழுக்க அழும்.

இரண்டாயிரத்தெட்டுக் கடைசியில், சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து போன இடத்தில் ஷெல் விழத் தொடங்கியது. முன்பின் தெரியாத ஒரு தாயோடும் அவாவின்ர சின்ன மகனோடும் பதுங்குகிற பங்கர்க் குழிக்குள் இறங்கினன். பெடியன் வீரிட்டு அழுதான்.

"நாடகத்தில பாடுற அம்மா எல்லோ, ஏதும் பாடுங்கோ" எண்டு தாய் கெஞ்சினா.

என்ர வாய் தன்பாட்டில் அந்தப் புலம்பலைத் தொடங்கிவிட்டது. அவா பாய்ந்து என்ர வாயைப் பொத்தினா.

"நிப்பாட்டுங்கோ! என்ர பிள்ளை உயிரோட இருக்கிறான்!"

ஷெல்லைவிட அந்தச் சொல்லுக்குத்தான் பயந்தன். வேறொரு பாட்டும் நினைவுக்கு வரவில்லை. கடைசியில் வந்தது, நாடகத்துக்கு நடுவில சிரிப்புக் காட்டுற எங்கட பபூன்காரர் பாடுற தவளைக் கலியாணப் பாட்டு. குரல் உடைய உடையப் பாடினன்.

பெடியன் விக்கலோடு கேட்டான்: "தவளை வேட்டி கட்டினதோ?"

"ஓம் ராசா, பட்டு வேட்டி."

அடுத்த ஷெல் கிட்டத்தான் விழுந்தது. அடி ஓயும்வரைக்கும் நான் பாட்டை விடவில்லை.

அந்தப் பபூன் மனுசனுக்கு முப்பது வருசத்தில் நான் ஒருநாளும் கை தட்டினதில்லை.