அடிப்பலகை இல்லாத அலமாரி

சொட்... சொட்... ஈரத் தட்டிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டால், டெக்சாஸ் ரிச்சர்ட்சனில் நாங்கள் இருந்த முதல் அபார்ட்மெண்ட்தான் ஞாபகம் வரும்.

சத்தம் வந்தது டிஷ்வாஷருக்குள்ளிருந்து.

சிரிக்காதீர்கள். உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இதே கதைதான் என்று எனக்குத் தெரியும். பாத்திரத்தைக் கையால் தேய்த்துக் கழுவி, டிஷ்வாஷருக்குள் கவிழ்த்துக் கதவைச் சாத்திவிடுவேன். அந்த மெஷினை ஓட விட்டதே இல்லை. குழம்புக் கறை அதில் போகும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

ஈரோட்டிலிருந்து வந்த புதிது. வேலை செய்ய விசா இல்லை, கார் ஓட்டத் தெரியாது. ஆளுக்கொரு சமையல் கொண்டுவரும் பாட்லக் ஒன்றுக்கு எங்கள் வீட்டுக்கு வந்த நம்மூர்ப் பெண் மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, டிஷ்வாஷரை ஷெல்ஃப் ஆக்கி வச்சிருக்கே" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அதற்குப் பிறகு யாரையும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. பேச ஒரு ஆள் கிடைக்காதா என்று ஏக்கம்... கூப்பிடவும் பயம்.

அப்போதுதான் மாடி வீட்டுக்கு ஹன்னா குடிவந்தாள். ஃபின்லாந்துக்காரி. அவள் கணவருக்கும் என் கணவருக்கும் ஒரே டெலிகாம் ஆபீஸ். ஒருநாள் அவளாகவே கதவைத் தட்டினாள். நான் சொல்லாமலேயே ஷூவை வாசலில் கழற்றினாள். அங்கேயே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. ஃபில்டர் காபி இரண்டு டம்ளர் குடித்தாள். அதிகம் பேசவில்லை. பேசாமல் உட்கார்ந்திருப்பது அவளுக்குச் சங்கடமாகவும் இல்லை.

குடித்த டம்ளரை அவளே கழுவி, நான் தடுப்பதற்குள் டிஷ்வாஷரைத் திறந்துவிட்டாள். உள்ளே இட்லித் தட்டு, கரண்டி எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

ஹன்னா சிரிக்கவில்லை. ஒரு பேப்பர் நாப்கினை எடுத்துப் படம் வரைந்தாள். சிங்க்குக்கு மேலே ஒரு அலமாரி. உள்ளே பலகைக்குப் பதில் கம்பி, அடிப்பலகை கிடையாது. கழுவியதை ஈரத்தோடு வைத்துக் கதவைச் சாத்தினால் தண்ணீர் நேராக சிங்க்கில் சொட்டிவிடும்.

"எங்க ஊர்ல எல்லார் வீட்லயும் இது இருக்கும்" என்று இங்கிலீஷில் சொன்னாள். "இங்க இல்லையேன்னு தவிச்சிட்டிருந்தேன். நீ வழி கண்டுபிடிச்சிட்டே. நானும் இனிமே இப்படித்தான்."

சாயங்காலம் கணவரிடம் சொல்லும்போது அழுதேவிட்டேன்.

"டிஷ்வாஷருக்கா அழறே?" என்றார். அவருக்கு எங்கே புரியப்போகிறது.

ஊர் திரும்பும்போது ஹன்னா இரண்டு கண்ணாடி டம்ளர் கொடுத்துவிட்டுப் போனாள். பூ இல்லை, கோடு இல்லை. இதில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. புழங்கப் புழங்கத்தான் தெரிந்தது... கைக்கு அளவான கனம், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும், இத்தனை வருடத்தில் அலுக்கவே இல்லை. அவளும் அப்படித்தான்.

போன மாதம் எங்கள் வீட்டு கிச்சனை மாற்றிக் கட்டினோம். சிங்க்குக்கு மேலே அடிப்பலகை இல்லாத அலமாரி வேண்டும் என்று கான்ட்ராக்டருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"அம்மா, வீ ஹேவ் எ டிஷ்வாஷர்" என்கிறாள் மகள். இருக்கிறது. இப்போது அதை ஓட்டவும் செய்கிறேன்.

வருகிறவர்கள் எல்லாம் அலமாரியைத் திறந்து பார்த்து, "ஃபின்னிஷ் டிசைனா? சூப்பரா இருக்கே" என்று போட்டோ எடுக்கிறார்கள். முன்கூட்டியே மெசேஜ் போட்டு, நேரம் சொல்லி வருகிறவர்கள்... காபி தரட்டுமா என்றால் வேண்டாம் என்பார்கள்.

ஹன்னாவின் டம்ளர்களை மட்டும் கையால் கழுவி அந்த அலமாரியில் வைக்கிறேன். இரண்டில் நான் காபி குடிக்கிற ஒன்றுதான் தினமும் ஈரமாகிறது.