இடிக்கச் சொன்னவர்

எழுபதுகளின் கடைசியில், தெற்கு மாசி வீதியின் பழைய ஜவுளிக்கடையை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனேன். முதலாளி ஒல்லியான மனிதர். ஓரிடத்தில் நிற்கவே மாட்டார். சாவிக்கொத்தைக் கைக்குக் கை மாற்றியபடி நடந்துகொண்டே பேசினார். நானும் பின்னாலேயே நடந்தேன்.

"இம்புட்டு அழகான கட்டடத்தை இடிக்கணுமாண்ணே?" என்றேன்.

"பாக்குறவுகளுக்கு அழகுதான் தம்பி. போன மழையில மச்சு விழுந்து எங்க கணக்குப்பிள்ளைக்குக் காலு போச்சு. அடுத்து யாரு தலையில விழுமோன்னு நான்ல தூங்காம கெடக்கேன்."



அடுத்த மாதம் அந்தப் பக்கம் போனபோது உட்கட்டடம் முழுவதும் மண்மேடாகக் கிடந்தது. வளைவுகளும் மரப் பலகணியும் கொண்ட முகப்புச் சுவர் மட்டும் சவுக்குக் கம்புகளின் முட்டில் நின்றது. அவர் அதன் முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, கடப்பாரையோடு வந்த ஆட்களைத் தடுத்துக்கொண்டிருந்தார்.

"இதத் தொடாதீகப்பா."

என்னைப் பார்த்ததும், கேட்காமலே எரிச்சலோடு சொன்னார்:

"இதுவும் போயிருச்சுன்னா, எங் கடை எதுன்னு எனக்கே தெரியாது தம்பி."

சொல்லும்போது அவர் சுவரைப் பார்க்கவில்லை. ஆட்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பயந்தவர் அந்தச் சுவரை மட்டும் எப்படி நம்பினார் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.