பானுவின் ஒன்பதாவது சோதனை

என் தங்கை பானுப்ரியாவுக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கொல்லைப்புறம் வரை போய்விட்டு வருவாள். இப்படிப்பட்டவள் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலையைப் பிடித்துக்கொண்டாள் என்றால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். சுகன்யா டீச்சர் வருகிறார் என்றாலே பிள்ளைகள் பெஞ்சில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துவிடுவார்கள். எனக்குப் பயப்படாத ஒரே ஆள் என் தங்கைதான்.

எங்கள் ஊர் தாடிக்கொம்புக்குப் பக்கம். அப்பா பொன்னுத்துரை வெங்காயமும் தக்காளியும் போடுகிறவர். பானு திண்டுக்கல்லில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தாள், ஒரு மில் ஆபீசில் நாலு வருடம் வருகைப் பதிவு அடித்தாள், ஒருநாள் போதும் என்று வந்துவிட்டாள். முப்பத்தொரு வயது. கல்யாணப் பேச்சு எடுத்தால் மாடிக்கு ஏறிவிடுவாள். மாடியில் ஓர் அறை, ஒரு பழைய கம்ப்யூட்டர், இன்டர்நெட். அங்கேதான் கெர்னல் கற்றுக்கொண்டாள்.

கெர்னல் என்றால் என்னவென்று அவளிடம் கேட்டு, மூன்று தடவை சண்டை போட்ட பிறகு எனக்கு விளங்கியது இவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குள் எல்லா வேலையையும் பங்கு போட்டுக் கொடுக்கிற அடிப்படை மென்பொருள் அது. லினக்ஸ் என்ற கெர்னலை உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து எழுதுகிறார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு திருத்தம் எழுதி மெயிலில் அனுப்பலாம். பொறுப்பில் இருப்பவர் பார்த்துச் சரி என்றால் சேர்த்துக்கொள்வார். எழுதியவர் பெயர் அதோடு நிற்கும்.

பானுவின் பெயரும் நின்றது. மொத்தம் ஆறு வரி. ஐந்து தடவை திருப்பியனுப்பிவிட்டு ஆறாவது தடவைதான் எடுத்துக்கொண்டார்கள். நாம் மெமரி கார்டைச் செருகினால் கெர்னல் அதைத் திறந்து உள்ளே இருப்பதைக் காட்ட வேண்டும். மவுண்ட் செய்வது என்பார்கள். கார்டின் தொடக்கத்தில் இருக்கிற ஓர் எண் தப்பாக இருந்தால் திறக்காதே என்று சொல்வதுதான் அவளுடைய ஆறு வரி. கோளாறான கார்டைத் திறக்கப்போய்க் கம்ப்யூட்டரே நின்றுவிடக் கூடாது என்பதற்காக. வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம், தன் மகள் எழுதியது அமெரிக்காக்காரன் கம்ப்யூட்டரிலும் ஓடுகிறது என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஸ்டாஃப் ரூமில் பீற்றிக்கொள்ளாமல் இல்லை.

அந்த ஆறு வரியைப் பார்த்துத்தான் பெங்களூர்க் கம்பெனி ஒன்று அவளை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. புதிதாக வருகிற ஒவ்வொரு கெர்னலையும் ஓட்டிப் பார்த்து, முன்பு வேலை செய்ததெல்லாம் இப்போதும் செய்கிறதா என்று சோதித்துச் சொல்கிற வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். இன்டர்வியூ திங்கட்கிழமை, கம்ப்யூட்டர் வழியாக. அதற்கு முந்தைய வியாழக்கிழமை பைசல் வந்து நின்றார்.

பைசல் திண்டுக்கல் பேகம்பூரில் கல்யாண வீடியோ எடுக்கிறவர். வைரஸ் தொல்லையில் தவித்துக்கொண்டிருந்தவருக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தது பானுதான். புது அப்டேட் போட்டதிலிருந்து அவருடைய பழைய கேமராவின் கார்டு திறக்கவில்லையாம். திறக்க முடியாது என்று மட்டும் வருகிறதாம், காரணம் வருவதில்லையாம்.

"கடையில கேட்டா ஃபார்மட் பண்ணிருங்க பாய்ங்கறான். உள்ள ஒரு நிக்காஹ் இருக்கும்மா. அதை எப்டி அழிக்கிறது?"

பானு கார்டை வாங்கித் தன் கம்ப்யூட்டரில், பழைய கெர்னலில் செருகினாள். திறந்துகொண்டது. வீடியோவை நகலெடுத்துக் கொடுத்தாள். பைசல் நூறு தடவை நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர் வேலை முடிந்தது. பானு கார்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள், ஏனென்றால் அவள் வேலை அப்போதுதான் ஆரம்பித்தது. பழைய கெர்னலில் திறக்கிற கார்டு புதியதில் திறக்கவில்லை. கெர்னல்காரர்களிடம் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாதாம். கார்டின் மேலேயே தப்பு இருந்தாலும் சரி, நேற்றுத் திறந்தது இன்றைக்கும் திறக்க வேண்டும். யாருடைய திருத்தத்தால் கெட்டது என்று கண்டுபிடித்து, அவர் பெயரைக் குறிப்பிட்டு எல்லோரும் பார்க்க மெயில் போடுவது அங்கே வழக்கம்.

அரையாண்டு விடுமுறைக்கு நான் அப்பா வீட்டுக்கு வந்திருந்தேன். உன்னுடைய ஆறு வரியாக இருக்குமோ என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். அவள் முகம் சுண்டிவிட்டது. அந்த இடத்தில் இன்னும் எத்தனையோ பேர் கை வைத்திருக்கிறார்கள், முறையாகத் தேடினால்தான் தெரியும் என்றாள். அந்த ஆறு வரியை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்திருந்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கும். இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அவளுக்கு அப்போதே தெரியும்.

முறையான தேடல் என்பது இதுதான். இரண்டு கெர்னலுக்கும் இடையே பதினாலாயிரம் திருத்தங்கள். நட்ட நடுவில் இருப்பது வரைக்கும் சேர்த்து ஒரு கெர்னலைத் தயார் செய்து, கம்ப்யூட்டரை அதில் ஓட்டி, கார்டைச் செருக வேண்டும். திறந்தால் 'நல்லது' என்று குறிக்க வேண்டும். குற்றம் பின்பாதியில் இருக்கிறது. திறக்காவிட்டால் 'கெட்டது', குற்றம் முன்பாதியில். இப்படியே பாதி பாதியாகக் குறைத்தால் பதினாலாவது சோதனையில் ஒரே ஒரு திருத்தம் மிஞ்சும். கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஆனால் ஒவ்வொரு கெர்னலும் தயாராக முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரத்தை அவளால் தாங்க முடியவில்லை. மாடிப்படி இறங்கி, வெங்காயக் காட்டைத் தாண்டி பம்ப்செட் வரை போவாள், திரும்புவாள், மேலே ஏறித் திரையைப் பார்ப்பாள், மறுபடி இறங்குவாள். காபியைக் கையில் கொடுத்தால் பாதியைக் குடித்துவிட்டு எங்கேயாவது வைத்துவிடுவாள். பார்த்துப் பார்த்து எனக்குத்தான் கால் வலித்தது. செத்த நேரம் உட்காருடி என்று கத்தினால், இந்தா வாரேன் என்று எதிர்த் திசையில் போவாள். ஒவ்வொரு சோதனை முடியும்போதும் மிஞ்சிய திருத்தங்களின் பட்டியல் சுருங்கியது. அவளுடைய ஆறு வரி அதற்குள்ளேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்பதாவது சோதனைக்குக் கம்ப்யூட்டரை நிறுத்திக் கிளப்பும் நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது. பத்து நிமிடம் கழித்துப் பானு கீழே வந்து, 'நல்லது' என்றாள். ஒரு சொம்புத் தண்ணீரை மளமளவென்று குடித்தாள். அவளுடைய திருத்தம் முன்பாதியில் இருந்தது, அதனால் தப்பித்துவிட்டது. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அப்பாவோடு தக்காளி விலை பேசினாள். அவள் ஒரு இடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை மத்தியானம் பதினாலும் முடிந்தது. நான் மாடி அறைக்குள் போனபோது மெயில் எழுதி அனுப்பத் தயாராக வைத்திருந்தாள். குற்றவாளி பெரு நாட்டுப் பெண் ஒருத்தி. அவளுக்கும் அதுதான் முதல் திருத்தமாம். பெயரைப் படித்துக் காட்டினாள், எனக்கு வாயில் நுழையவில்லை.

மேசை மேல் அவள் சோதனை நோட்டு திறந்து கிடந்தது. பதினெட்டு வருடமாக நோட்டுத் திருத்துகிறவளுக்குக் கண் வேறு எங்கே போகும்? ஒவ்வொரு வரியிலும் சோதனை எண், கெர்னலின் எண், முடிவு. எந்தக் கெர்னல் ஓடுகிறது என்று கம்ப்யூட்டரிடமே கேட்டு அந்த எண்ணை எழுதிய பிறகுதான் கார்டைச் செருக வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். ஒன்பதாவது வரியில் அந்த இடம் காலியாக இருந்தது.

"ஒம்பதாவதுல நம்பர் எழுதலையேடி?"

நான் கீழே இருந்த வரிகளையும் பார்த்தேன்.

"அதுக்கப்புறம் அஞ்சும் கெட்டதுன்னு போட்டிருக்க. அப்ப ஒம்பதாவதுக்கு ஒட்டுனாப்புல அடுத்து இருக்கதுதான் இந்தப் பொண்ணோடதா? அவ என்ன மாத்தியிருக்கா?"

"ஒரு விளக்கக் குறிப்பு," என்றாள். "படிக்கிறவங்களுக்காக எழுதி வைக்கிறது. மெஷின் அதைப் பாக்கவே பாக்காது."

கம்ப்யூட்டர் பார்க்கவே பார்க்காத ஒரு வரி கார்டை எப்படி மூடும்? நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள். கரண்ட் போய் வந்ததும் கம்ப்யூட்டர் தானாகக் கிளம்பியிருக்கிறது. தானாகக் கிளம்பினால் எப்போதும்போலப் பழைய கெர்னலில்தான் கிளம்பும். பழையதில் கார்டு திறக்காமல் என்ன செய்யும்?

"நம்பரைக் கேக்கணும்னு கை போச்சுக்கா. கேக்கல. கார்டு தொறந்துச்சு, நல்லதுன்னு குறிச்சுட்டேன்."

மெயிலை அழித்தாள். ஒன்பதாவதை மறுபடி ஓட்டினாள். கெட்டது. மறுபடியும் பம்ப்செட்டுக்கும் மாடிக்குமாக நடை. இந்தத் தடவை நான் கத்தவில்லை, நானும் கூடவே நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினாலாவது முடிந்து ஒரே ஒரு திருத்தம் மிஞ்சியது. ஆறு வரி. கீழே பானுப்ரியா பொன்னுத்துரை.

பைசலின் பத்து வருடப் பழைய கேமரா அந்த எண்ணைத் தப்பாக எழுதுகிறது. எண் தப்பு, ஆனால் கார்டுக்கு ஒரு குறையும் இல்லை. தன் ஆறு வரியை நீக்கும்படி பானு அவளே மெயில் எழுதினாள். கோளாறைச் சொன்னவர் என்ற இடத்தில் பைசலின் பெயரைப் போட்டாள், கோளாறுக்குக் காரணம் என்ற இடத்தில் தன் பெயரை. எழுதினதை எழுதினவளே அழிப்பாளா, கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று அப்பா என்னிடம் வந்து கேட்டார். சாயங்காலம் பொறுப்பாளரிடமிருந்து பதில் வந்தது. நீக்கியாயிற்று என்று மட்டும் இருந்தது. திட்டும் இல்லை, பாராட்டும் இல்லை.

திங்கட்கிழமை இன்டர்வியூ நடக்கும்போது நான் மாடிப்படியில் நின்று ஒட்டுக்கேட்டேன், மறைப்பானேன். அந்த ஆறு வரியை ஏன் நீக்கினார்கள் என்று கேட்டார்கள். கார்டின் கதையைச் சொன்னாள். அவர்கள் சந்தோஷமாகச் சிரித்தது எனக்கே கேட்டது. இத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவளாகவே ஒன்பதாவது சோதனையைப் பற்றியும் சொன்னாள். கரண்ட் போனதை, நம்பர் கேட்காமல் விட்டதை, ஏன் கேட்கவில்லை என்பதை, அனுப்பத் தயாராக இருந்த மெயிலை. அப்புறம் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தமே இல்லை.

வியாழக்கிழமை பதில் வந்தது. வேறொருவரை எடுத்துக்கொண்டார்களாம். காரணம் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியிருந்தால் வேலை கையில் இருந்திருக்கும், அரிச்சந்திரன் வீட்டிலா பிறந்தாய், முப்பத்தொரு வயதில் இப்படி ஒரு வேலை இனி வாசல் தேடி வருமா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் அழுதாள். சின்ன வயதில்கூட அவள் என் முன்னால் அழுததில்லை.

"வேலை போனதுக்கு அழுகலக்கா," என்றாள். "அந்தப் பொண்ணு பேரைப் போட்டு மெயில் ரெடியா இருந்துச்சு. நீ நோட்டைப் பாக்கலேன்னா அனுப்பியிருப்பேன். எனக்கு என்னைய நெனச்சாத்தான் பயமாருக்கு."

 ஒன்றை மட்டும் அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சனிக்கிழமை நான் அந்த அறைக்குள் போனது எதையும் சரிபார்ப்பதற்காக அல்ல. கத்தரிக்காய் வெஞ்சனம் ஆறிக்கொண்டிருந்தது, சாப்பிட வருகிறாயா இல்லையா என்று கேட்கத்தான் போனேன்.