அக்னி நட்சத்திரத்தில் வாங்கிய கையுறை

அக்னி நட்சத்திர வெயிலில் கம்பளி வைத்த தோல் கையுறை தேடி அலைந்த குடும்பம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். நான் அப்போது நான்காம் வகுப்பு முடித்திருந்தேன். படாளத்தில் எங்களோடு இருந்த அத்தைக்கு, அப்பாவின் ஒரே தங்கைக்கு, கனடாவில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. தாத்தா போன பிறகு அத்தையைப் படிக்கவைத்தவர் அப்பாதான். அவர் சரி என்று சொல்லாமல் அத்தை கிளம்ப மாட்டாள். அவரோ சம்மதிப்பதாக இல்லை. பனியில் விரல் கறுத்துப்போன ஒருவரை டிவியில் பார்த்ததிலிருந்து அவருக்கு ஒரே பல்லவி.

"ஊசி போடற கை. வெரலு போச்சுன்னா இன்னா பண்ணுவ?"

அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அத்தை எனக்குத் தலை பின்னிவிடும்போதெல்லாம், விரல் போய்விட்டால் இனி எப்படிப் பின்னுவாள் என்று கவலைப்பட்டேன்.

பல்லாவரத்துத் தோல் கடை ஒன்றில், வெளிநாட்டுக்கு அனுப்பியதில் மிஞ்சிய சரக்கென்று கையுறைகளை அள்ளிப் போட்டார்கள். அத்தைக்குப் பிடித்தது ஒரு கறுப்பு ஜோடி. மெல்லிய தோல், கையோடு கச்சிதமாக ஒட்டியிருந்தது. வியர்வையில் கழற்ற வராமல் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். அம்மா முகத்தைச் சுளித்தாள். செருப்போ சீருடையோ, எதையும் ஒரு சைஸ் பெரிதாக வாங்கித்தான் அவளுக்குப் பழக்கம். இடுப்பில் நிற்காத பாவாடையைப் பிடித்துக்கொண்டே நான் பள்ளிக்கூடம் போனது அவள் புண்ணியத்தில்தான். உள்ளே கம்பளி வைத்துத் தைத்த, தொளதொளவென்றிருந்த பழுப்பு ஜோடியை அவள் எடுத்தாள்.

"கொஞ்சம் லூசா இருக்கட்டும்மா."

"நான் இன்னா இன்னும் வளரப்போறனா அண்ணி?" என்று அத்தை சிரித்தாள்.

பஞ்சாயத்து தீராமல் இரண்டையும் வாங்கினோம். அப்பா அதற்கும் மசியவில்லை. கடையில் போட்டுப் பார்த்தால் ஆயிற்றா, குளிரில் போட்டுப் பார்க்க வேண்டாமா என்றார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, மாமல்லபுரம் பக்கம் ஒரு மீன் கம்பெனியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே மீனை உறையவைக்கும் பெரிய அறை உண்டு. மாமா மேனேஜரிடம் கெஞ்சி அனுமதி வாங்கிவிட, எல்லோரும் கிளம்பிப் போனோம். அத்தை தாங்க மாட்டாமல் ஓடிவந்துவிடுவாள், அதோடு கனடாப் பேச்சு அடங்கும் என்பதுதான் அப்பாவின் திட்டம் என்று நான் நினைத்தேன்.

மாமா தடித்த கோட்டு இரண்டு கொண்டுவந்தார். அத்தையைத் தனியே விட மாட்டேன் என்று அப்பாவும் ஒன்றை மாட்டிக்கொண்டார். பழுப்பு ஜோடியை அத்தையிடம் கொடுத்துவிட்டு, கறுப்புக்குள் தன் கையை மல்லுக்கட்டி நுழைத்தார். கதவு மூடியது. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். நான் கண்ணை மூடிக்கொண்டு, அத்தையின் விரலைக் காப்பாற்றும்படி வேளாங்கண்ணி மாதாவைக் கும்பிட்டேன்.

கதவு திறந்ததும் ஓடிவந்தது அப்பாதான். கோட்டுப் பட்டனைக்கூட அவரால் கழற்ற முடியவில்லை.

"பேஜாரு புடிச்ச கிளவுசு! வெரலு இருக்கா இல்லியான்னே தெர்ல."

அத்தை சாவகாசமாக வந்து கையுறையைக் கழற்றினாள். நான் பாய்ந்து பிடித்துப் பார்த்தேன். டீ டம்ளரைப் பிடித்திருந்த கைபோல் வெதுவெதுவென்று இருந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். தளர்வாக இருந்தால்தான் உள்ளே காற்று நின்று சூடு தங்கும் என்று பின்னாளில் படித்தேன். அம்மாவுக்கு அந்த விஞ்ஞானமெல்லாம் தெரியாது. ஆனாலும் அன்று முழுக்க அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அத்தை அப்பாவின் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துவிட்டாள். அவர் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"சரி, போய்ட்டு வா," என்றார்.

திரும்பும் வழியில் எல்லோருக்கும் பரோட்டா வாங்கித் தந்தார். மாமாவை வம்புக்கு இழுத்தார், அத்தையின் இலையில் சால்னாவை அவரே ஊற்றினார். இத்தனை நாள் அடம்பிடித்துத் தோற்றவருக்கு என்ன இவ்வளவு சந்தோஷம்?

"தோத்துட்டு ஏம்ப்பா சிரிக்கிற?" என்று கேட்டேன்.

"ஆறிப்போவுது, துண்ணு," என்றார்.

தங்கையை அனுப்பப் பயந்தவருக்கு, பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது காட்டிவிட மாட்டார்களா என்ற ஏக்கமும் இருந்திருக்கிறது. தோற்றுப்போகத்தான் அப்பா அவ்வளவு தூரம் வந்திருந்தார் என்பது அந்த வயதில் எனக்கு எங்கே தெரியும்.