வெள்ளைப்பூ வரலை, சிம்மி பொழைச்சுது

நம்ம கிருத்திகைக் குழுவுல ஆளாளுக்கு முருகன் அவிய ஊட்டுக்கு வந்த கதையச் சொல்றீங்க. ஒருத்தரு கனவுல வந்தாருங்கறீங்க, ஒருத்தரு மயிலு வந்து ஓட்டு மேல நின்னுச்சுங்கறீங்க. நானும் கேட்டுட்டுத்தான் இருக்கறன். எங்கூட்டுக்கு அப்படி யாரும் வரலீங்க. வந்திருந்தாலும் யாரு என்னன்னு விசாரிக்காம உள்ள உட்டிருக்க மாட்டேன். எனக்கு நடந்தது வேற. நாஞ் சொல்லச் சொல்ல என்ர மருமவ தனம் எழுதறா. சொல்றதத்தான் எழுதறாளான்னு எனக்குச் சந்தேகந்தான். எழுத்துக் கூட்டிப் படிச்சுப் பாக்கறதுக்குள்ள பொழுது உழுந்துரும். முருகன் மேல பாரத்தைப் போட்டுட்டேன்.

திருப்பூரு தனி மாவட்டம் ஆகறதுக்கு முந்தின கார்த்திகை மாசமுங்க. கிருத்திகையன்னைக்குக் காத்தால எங்க நாயி சிம்மி, சோத்து வட்டலைத் திரும்பியே பாக்கலை. ஊட்டுக்குப் பொறத்தால பொடக்காலி பூரா வாந்தி எடுத்து வெச்சிருக்குது. முதுகை வில்லாட்டம் வளைச்சுக்கிட்டுச் சொவுத்தோரமா நிக்குது. படுக்க மாட்டேங்குது. தண்ணி வெச்சா மொகத்தைத் திருப்பிக்குது. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. ஏன்னா இதை நான் முந்தியே ஒருக்கா பாத்தவ.

முந்தி மணின்னு ஒரு நாயி இருந்துச்சு. பெருமாநல்லூரு ரோட்டுல லாரிக்காரன் அடிச்சுப் போட்டுட்டுப் போனதை எம் பையன் சாக்குல சுத்திக் கொண்டாந்தான். ஒரு காலு மடங்கிப்போச்சு, ஆனா ஓட்டத்துக்குக் கொறை இல்லை. எங்கூட்டுக்காரரு சீக்குல கெடந்தப்ப அவரு கால்மாட்டுலயே கெடந்துச்சு. அவரு போனப்பறம் நான் எங்க ஒக்காந்தாலும் அங்க வந்து ஒக்காந்துச்சு. அதுவும் இப்படித்தான் வாந்தி எடுத்து, இப்படித்தான் முதுகை வளைச்சுட்டு நின்னுச்சு. அப்ப நான் முருகன் கோயலுக்குப் போயிப் பூக் கேட்டேன். தெரியாத புள்ளைங்களுக்குச் சொல்றன். வெள்ளை அரளி ஒரு எலையில, செவ்வரளி ஒரு எலையில மடிச்சுச் சாமி காலடியில போட்டு, சின்னக் கொழந்தையா பாத்து ஒண்ணை எடுக்கச் சொல்லுவாங்க. வெள்ளை வந்தா ஆமாங்கறது. செவப்பு வந்தா இல்லைங்கறது. மணி பொழைக்குமான்னு கேட்டேன். செவப்பு வந்துச்சு. மறுநாளே போயிருச்சு.

அன்னையோட இந்த ஊட்டுல நாயே வேண்டாம்னுட்டேன். சாமிகிட்டயும் கொஞ்ச நாளு பேச்சுவார்த்தை இல்லை.

அப்பறமும் ஒரு நாயி வந்துருச்சு. தனம் வேலை செய்யற பனியன் கம்பெனிக் கோடவுன்ல, பண்டலு நடுவுல ஒரு தெருநாயி குட்டி போட்டிருக்குது. கடுவன் குட்டியெல்லாம் ஆளுக்கொண்ணு தூக்கிட்டுப் போயிட்டாங்க. பொட்டைக்குட்டிய ஒருத்தரும் தொடலை. தாய் நாயும் எங்கியோ போயிருச்சு. ஒரு நா சாங்காலம் தனம் அதைத் துப்பட்டாவுக்குள்ள வெச்சுக் கொண்டாந்தா. அதுதான் இந்தச் சிம்மி.

"ஏனுங் அத்தை, பாவமுங்க. ரெண்டு நாளைக்கு இருக்கட்டுங்க."

"உங்கம்மாளும் ரெண்டு நாளைக்குன்னுதான் வந்தா. பொங்கலே வந்துருச்சு."

அவ பாட்டுக்குக் குட்டிக்குப் பாலு ஊத்திட்டு இருந்தா. எனக்குச் சந்தேகம். இவ எதுக்கு நாயக் கொண்டாரா? எனக்குச் சக்கரை இருக்குது. பகல்ல எல்லாரும் ஷிப்டுக்குப் போனப்பறம் நான் பொடக்காலியில ஒக்காந்து என்ன திங்கறேன்னு பாக்கறதுக்கு ஆளு வெக்கறான்னு நெனச்சேன். நெசமாலுமே நான் கடலை முட்டாய எடுத்தா அந்தக் குட்டி கொரைக்கும். ஒரு கடி குடுத்தாக் கம்முனு இருக்கும். அப்படியே ரெண்டு பேரும் ஒரே கட்சி ஆயிட்டோம். தூங்கறப்ப என்ர சீலைத் தலைப்பை மிதிச்சுக்கிட்டுத்தான் தூங்கும். நான் எந்திரிச்சுப் போயிருவேன்னு அதுக்குச் சந்தேகம். சரி, நம்ம சாதிதான்னு நெனச்சுக்கிட்டேன்.

இனி எஸ்தரைப் பத்திச் சொல்லோணும். எங்க லைன் ஊட்டுல அடுத்த ஊட்டுக்காரி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, துணியில கொறை பாக்கற செக்கிங் வேலைக்குப் போறவ. என்னை ஆச்சின்னு கூப்புடுவா. நான் எப்ப அவளுக்கு ஆச்சி ஆனேன்னு தெரியலை. சிம்மிக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அவ டபுள் ஷிப்டு பாத்துட்டு வந்து பகல்ல கண்ணை மூடுனா, இது அவ வாசல்ல போயி நின்னு கொரைக்கும். ஒரு நாளு அவ வெளிய வந்து, "ஆச்சி, இந்த நாய இப்படியே உட்டா நான் சீக்கிரம் செத்துருவேன். ரெண்டுல ஒண்ணு பாக்கணும்" அப்படின்னா. நான் அதை மனசுல முடிஞ்சு வெச்சுக்கிட்டேன்.

அப்பறம் பாருங்க, கிருத்திகைக்கு முந்தின நாளு, அதுவரைக்கும் ஒரு பருக்கை போடாதவ, ஒரு வட்டல் நெறையக் கருவாட்டுச் சோறு கொண்டாந்து சிம்மி முன்னால வெச்சா. அதுவும் நக்கி நக்கித் தின்னுச்சு. மறுநா காத்தால இப்படி.

நீங்களே சொல்லுங்க, நான் என்னன்னு நெனைப்பேன்?

பையனும் தனமும் வேலைக்குப் போயிட்டாங்க. நான் சிம்மிய உட்டுட்டுக் கோயலுக்கு ஓடுனேன். எஸ்தரு ஊட்டு வாசல்ல நின்னு நாலு வார்த்தை கேக்கறதுக்கு முந்தி, சாமி வாக்கோட போயிக் கேக்கோணும்னு எனக்கு ரோசனை. அப்பத்தான் எதுத்துப் பேச மாட்டா. பூசாரி அப்பத்தான் சாமிக்கு அலங்காரம் பண்ணிட்டு இருந்தாரு.

"ஏனுங் ஆத்தா, நாயி பொழைக்குமான்னு கேக்கறீங்களா?"

"அதைக் கேக்கலீங்க."

"பின்ன?"

"செவப்பு வந்தா நான் என்ன பண்றதுங்க?"

அவரு என்ர மொகத்தைப் பாத்துட்டு எலையை மடிச்சாரு. நான் கண்ணை மூடி, "எஸ்தரு மருந்து வெச்சாளா?"ன்னு கேட்டேன். சாமி கும்புட வந்த ஒரு பொண்ணோட கொழந்தை ஒண்ணை எடுத்துக் குடுத்துச்சு. செவப்பு.

எனக்கு நம்பிக்கை வரலை. கொழந்தை தூக்கக் கலக்கத்துல எடுத்திருக்கும்னு நெனச்சேன். இன்னொருக்கான்னேன். "ஒரே கேள்விய ரெண்டுதரம் கேக்கப்படாதுங் ஆத்தா"ன்னாரு பூசாரி. சரி, கேள்விய மாத்துனேன். "எவளாவது, எவனாவது மருந்து வெச்சாங்களா?" இந்தத்தரம் கொழந்தை நல்லா முழிச்சுக்கிட்டுத்தான் எடுத்துச்சு. மறுக்காவும் செவப்பு.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லீங்க. "எல்லாரும் நல்லவங்கன்னா அது எதுக்கப்பா வாந்தி எடுக்குது? உனக்கு நாயின்னா எளப்பமா? அதை எடுத்துட்டுப் போறதா இருந்தா என்னை மொதல்ல எடுத்துக்கோ. இல்லாட்டி என்னன்னு காட்டு" அப்படீன்னு வாய் உட்டே சொன்னேன். பூசாரி விபூதியக் கையில வெச்சுட்டு நின்னாரு. நான் வாங்காம வந்துட்டேன். ஜெபம்பாங்க, வேண்டுதலும்பாங்க, எனக்கு வந்தது இதுதான்.

ஊட்டுக்கு வந்தா, எஸ்தரு எங்க பொடக்காலியில தரையில ஒக்காந்திருக்கறா. மடியில சிம்மி. அவளைப் பாத்தாலே கொரைக்கற நாயி, அவ கையில மூஞ்சிய வெச்சுட்டுக் கெடக்குது.

"எங்க போயிட்டிய ஆச்சி? நாய் கெடந்து துடிக்கி. ஆட்டோக்காரன வரச் சொல்லிருக்கேன். எந்திரிங்க, போவோம்."

இவ எதுக்கு இவ்வளவு அவசரப்படறான்னு அப்பவும் எனக்குச் சந்தேகம். ஆனா ஆட்டோல ஏறிட்டேன்.

மாட்டாஸ்பத்திரியில வாசல்ல இருந்த கம்பவுண்டரு பாத்த ஒடனே, "எலி மருந்துதான். வந்துட்டே இருக்குது இப்படி"ன்னுட்டாரு. ஊசி எடுத்து வெச்சாச்சு. உள்ள இருந்து டாக்டரு வந்தாரு. சின்ன வயசுதான்.

"பாட்டிம்மா, மருந்து எதாச்சும் தின்னுருச்சா? அக்கம்பக்கத்துல யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

எஸ்தரு என்னைப் பாக்கறா. ஒரு மணி நேரத்துக்கு முந்தி கேட்டிருந்தா, இவதான்னு கையக் காட்டியிருப்பேன். அந்தச் செவப்புப்பூ ரெண்டும் கண்ணு முன்னால நின்னுச்சு.

"சந்தேகத்துக்குப் பஞ்சமில்லீங் சாமி. ஆனா மருந்து இல்லை."

"எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"யாருகிட்ட?"

"தெரிஞ்சவருகிட்டங்க."

டாக்டரு சிரிச்சாரு. ஊசிய எடுத்து அக்கட்ட வெச்சுட்டு, சிம்மியோட வவுத்தை ரெண்டு கையிலயும் அமுக்கி அமுக்கிப் பாத்தாரு. சிரிப்பு நின்னுபோச்சு. "உள்ள ஏதோ கயிறாட்டம் இருக்குது. இது எதுல படுக்கும்?"ன்னாரு.

எதுல படுக்கும்? கட்டிங் வேஸ்ட்டுலதான், பனியன் வெட்டி மீந்த துண்டுத்துணியில. நம்ம ஊருல வேறென்னத்துலங்க படுக்கும்? தலகாணிக்குள்ள வேஸ்ட்டு, வண்டி தொடைக்க வேஸ்ட்டு, தொட்டில்ல கொழந்தைக்கு அடியிலயும் வேஸ்ட்டு. குளுருக்கு மெத்துன்னு இருக்கட்டும்னு தனம் கம்பெனியிலிருந்து ஒரு மூட்டை கொண்டாந்து பரப்பி உட்டிருந்தா. பனியன் துணி, எலாஸ்டிக்கு எல்லாம் கலந்துதான் கெடக்கும். சிம்மி அதைப் பல்லுல இழுத்து வெளையாடும். நாங்களும் பாத்துச் சிரிச்சுட்டு இருந்தோம்.

வவுத்தைக் கிழிச்சுத்தான் எடுக்கோணும், பொழைக்குமான்னு சொல்ல முடியாதுன்னுட்டு உள்ள தூக்கிட்டுப் போயிட்டாங்க.

நாங்க ரெண்டு பேரும் வெளிய வேப்பமரத்தடியில நின்னோம். எஸ்தரு மண்ணுல முட்டி போட்டுட்டா. "இயேசப்பா, இந்த வாயில்லாச் சீவனக் கைவிட்டுராதிங்க"ன்னு சத்தமா ஆரம்பிச்சா. ஊசி போட மாட்டைக் கொண்டாந்தவன் திரும்பித் திரும்பிப் பாக்கறான்.

"மெதுவா கேளு அம்மிணி. அவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும்."

"நீங்களும் கேளுங்க ஆச்சி."

"நான் காத்தாலயே கேட்டுட்டேன்."

"என்னன்னு கேட்டிய?"

பொய் சொல்லலாம்னுதான் பாத்தேன். வரலை. "நீ மருந்து வெச்சியான்னு கேட்டேன்."

அவ அப்படியே ஒக்காந்துட்டா. முட்டியில ஒட்டுன மண்ணைத் தட்டிட்டு, "உங்க சாமி என்ன சொன்னாரு?"ன்னா.

"இல்லைன்னாரு."

"நம்புனியளா?"

"மறுக்காவும் கேட்டேன்."

சிரிச்சுட்டா. சிரிச்சுட்டே முந்தானையில கண்ணைத் தொடச்சா. "சோறு போட்டாப் பழகிக்கிடும், கொரைக்காதுன்னு போட்டேன் ஆச்சி. வேற என்னத்துக்குப் போடப் போறேன்"ன்னா. நான் அவ தோள்ல கைய வெச்சேன். எனக்கு அதுக்கு மேல தெரியாது.

சேதி கேட்டுத் தனம் ஷிப்டுல சொல்லிட்டு ஓடி வந்து சேந்தா. டாக்டரும் வெளிய வந்தாரு. ஒரு தட்டத்துல சாணிக் கலருல ஒரு வாரு. எலாஸ்டிக்கு, பனியன் துணியோட சுத்தி முறுக்கிட்டுக் கெடக்குது. அது கொடலைச் சுருக்குப் பையாட்டம் இழுத்துப் புடிச்சு வெச்சிருந்துச்சாமா. விசமுன்னு நெனச்சு அதுக்கு ஊசியப் போட்டுட்டு ஊட்டுக்கு அனுப்பியிருந்தா, விடியறதுக்குள்ள போயிருக்கும்னாரு. "உசுரு இருக்குது பாட்டிம்மா. தெம்பாத்தான் இருக்குது"ன்னாரு.

நான் அங்கயே திருச்செந்தூரு, பழனி, சென்னிமலை எல்லாத் தெசைக்கும் ஒரு கும்புடு போட்டேன். வாங்காம வந்த விபூதிய நெனச்சுக்கிட்டுக் கைய நெத்தியில வெச்சேன்.

தனம் தட்டத்தைப் பாத்துட்டே நின்னா. மணிக்கும் அவதான் வேஸ்ட்டு பரப்பி உட்டவ. டாக்டரு கையக் கழுவிட்டே, "இதுக்கு முந்தி நாய் வெச்சிருந்தீங்களா? அது என்னாச்சு?"ன்னு கேட்டாரு.

"அதுக்கு வயசாயிருச்சுங் சாமி"ன்னேன்.

தனம் என்னைத் திரும்பிப் பாத்தா. அதைப் பத்தி ஊட்டுல நாங்க பேசுனதே இல்லை. மணி எதுனால போச்சுன்னு நான் பூக் கேக்கலை. கேக்கவும் மாட்டேன். இப்ப இந்த எடம் வந்ததும் அவ பேனா நின்னுபோச்சு. எழுது கண்ணுன்னேன். எழுதறா.

பழனிக்கு நடந்தே வாரேன்னு நேந்துக்கிட்டேன். தாராபுரம் வரைக்கும் நடந்தேன், அப்பறம் பஸ்ஸு. முருகன் ஒண்ணும் சொல்லலை. அன்னையிலிருந்து எங்க வீதியில நாயி வெச்சிருக்கற ஊடு ஊடாப் போயி, வேஸ்ட்டை எடுத்துட்டுப் பழைய சீலையப் போடுங்கன்னு சொல்றன். இந்தக் கெழவி எதுக்குப் படுக்கையெல்லாம் ஒதறிப் பாக்கறான்னு அவியளுக்குச் சந்தேகம். இருக்கட்டும். எஸ்தரு என்னை இன்னும் ஆச்சின்னுதான் கூப்புடறா, நானும் ஏன்னு கேக்கறதை உட்டுட்டேன். சிம்மி அவ ஊட்டுல கருவாடும் எங்கூட்டுல கடலை முட்டாயும் தின்னு பெருத்துப்போச்சு.

இப்பல்லாம் அட்டைப் பெட்டியில குட்டிகளக் கொண்டாந்து எங்க வாசல்ல வெச்சுட்டுப் போயிடறாங்க. எஸ்தருதான் ஊரெல்லாம் சொல்லி உட்டிருக்கோணும். எல்லாமே பொழைக்கறதில்லீங்க. ஒரு கருப்புக்குட்டி என்ர மடியிலயே போச்சு. அழுதேன். அழுதுட்டு அடுத்ததுக்குப் பாலு ஊத்துனேன்.

நான் உங்களுக்குச் சொல்றது இதுதானுங்க. சாமிகிட்டக் கேளுங்க. கோவமா இருந்தாக் கோவமாவே கேளுங்க. நமக்குப் புடிச்ச பதிலு வந்தா யாரு வேணும்னாலும் நம்பிக்குவாங்க. புடிக்காத பதிலு வந்துச்சுன்னா, அதை எடுத்து மடியில கட்டிக்குங்க. எனக்கு அதுதான் கை குடுத்துச்சு.

இப்ப ஊட்டுல ஒரு செவலைக்குட்டி இருக்குது. பொட்டைதான், நல்ல சூட்டிகை. வேணுங்கறவங்க சொல்லி உடுங்க. நான் ஒறம்பரையாட்டம், சொந்தக்காரியாட்டம் உங்கூட்டுக்கு வருவேன். காப்பித்தண்ணி குடிச்சுட்டுப் பொடக்காலி வரைக்கும் ஒரு நடை போயிப் பாப்பேன். கோவிச்சுக்காதீங்க. முருகனை நான் முழுசா நம்பறேன். உங்களை, வந்து பாத்துட்டுச் சொல்றன்.